பெனிட்டோவின் பூஜ்யம்

பெனிட்டோவிடம் கையைக் கொடுத்தால் உடனே திரும்பக் கிடைக்காது. குலுக்கிய கையை அப்படியே லேசாகத் திருப்புவார். சட்டைக் கையை ஒரு விரலால் மேலே தள்ளுவார். மணிக்கட்டில் இருக்கிற கடிகாரச் செயினை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஆளின் முகத்தைப் பார்ப்பார். "இன்னா நைனா, கைல ஊரையே கட்டிகினு திரியறே? ஞாயித்துக்கெயம வூட்டாண்ட வா." சௌக்கியமா, பிள்ளைகள் எப்படி என்பதெல்லாம் பிறகு. கோயில் வாசலில் பங்குச் சாமியாரிடமே இந்த வேலையைச் செய்திருக்கிறார். சாமியார் முறைத்தார். ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தனுப்பிவிட்டார்.

ராயபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் அவர் தரைத்தளம், நான் இரண்டாவது மாடி. மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும் சுவரை ஒட்டி, ஒரு பழைய பள்ளிக்கூட மேசை போட்டிருக்கிறார். அதன்மேல் ஒரு சின்ன இயந்திரம். ஸ்டீல் தொட்டி, கண்ணாடி மூடி, முன்பக்கம் மூன்று பொத்தான்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால், காதுக்கு எட்டாத அதிர்வு தண்ணீருக்குள் பாய்ந்து, பிரஷ் நுழையாத இடுக்கில் இருக்கிற அழுக்கையெல்லாம் உதறி வெளியே தள்ளிவிடும். மீயொலி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'பல்லு மிஷின்'.

பெயர்க் காரணம் அவர் மனைவி ஜானட். ஜானட் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே டாக்டர் தன் கருவிகளைக் கழுவப் பெரிய இயந்திரம் ஒன்று வாங்கியபோது, சின்னதை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். கொலுசு கழுவலாம் என்று ஆசையோடு கொண்டுவந்தார் ஜானட். கொலுசுக்கு முறை வருவதற்குள் பெனிட்டோ தன் ஸ்டீல் செயினைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டார். மூன்று நிமிடத்தில் தண்ணீர் பால் விடாத டீ நிறத்துக்கு வந்துவிட்டது.

"அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல சார்" என்பார் பெனிட்டோ. "இந்தக் கைல தட்ட வச்சிகினுதானே எம் பொண்ணுக்கு சோறு ஊட்டிகினு இருந்தேன்? இருவது வருசத்து கலீஜ் சார். நானு டெய்லி சோப்பு போட்டு குளிக்கிற ஆளு."

மனிதருக்கு அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. கொலுசுகள் நாலு மாதம் காத்திருந்தன.

ஆரம்பத்தில் யாரும் கொடுக்க முன்வரவில்லை. எவன் வாயில் இருந்த சாமானையெல்லாம் கழுவின மிஷினோ என்று அருவருப்பு. தொட்டியைக் கொதிநீர் ஊற்றி ஏழு முறை கழுவியதாகச் சத்தியம் செய்தும் பலனில்லை. கடைசியில் டீக்கடை சுஹைப் பாய்தான் துணிந்தார். அவர் செயினிலிருந்து பால் ஏடும் டீத்தூளுமாக இறங்கியதைப் பார்த்தவர், தன் கடை டீயைத் தானே அரைநாள் குடிக்கவில்லையாம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் எங்கள் படிக்கட்டில் ஏறுவது கஷ்டம். இரண்டு படிக்கு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார்.

பெனிட்டோ காசு வாங்குவதில்லை. கேட்டால் கோபம் வரும். ஆனால் அவருக்குச் சில சட்டதிட்டங்கள் உண்டு. அவற்றை மீறினால் அதைவிடக் கோபம் வரும்.

முதல் சட்டம், கடிகாரத்தின் தலைக்குக் குளியல் கிடையாது. ஊசி மாதிரி ஒரு கருவியால் இரண்டு பக்கமும் பின்னை அமுக்கி, டயல் இருக்கிற தலையைத் தனியாகக் கழற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரில் வைத்துவிடுவார். செயின் மட்டும்தான் தண்ணீருக்குள் போகும். "தல தண்ணி குடிச்சா ஆளு காலி. கய்த்துக்குக் கீய எவ்ளோ வேணா குளி." வெதுவெதுப்பான தண்ணீர். அதில் ஜானட்டின் பாத்திரம் கழுவும் பச்சை சோப்பு ஒரே ஒரு சொட்டு. ஜானட் மாதம் இரண்டு பாட்டில் வாங்குகிறார். ஒரு சொட்டு கணக்கு அவருக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டாவது சட்டம், தண்ணீரைப் பார்த்தே ஆக வேண்டும். மூன்று நிமிடம் 'ங்ங்ங்' என்று இரைந்து இயந்திரம் நின்றதும், மூடியைத் திறந்து, செயினுக்குச் சொந்தக்காரரைக் கிட்டே கூப்பிட்டுக் குனிய வைப்பார். "பாரு. நல்லா பாரு. உன்துதானே? வேற ஆளுதுன்னு அப்பால சொல்லக்கூடாது." பார்த்து, முகம் சுளித்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

அந்தத் தண்ணீரை அவர் படிக்கிற விதம் தனி. அடியில் மாவு போல் சாம்பல் நிறம் படிந்தால், "எண்ணூரு, இல்லாங்காட்டி வள்ளூரு. பவர் ஹவுஸ் சாம்பலு." கறுப்பாக மினுங்கினால் நிலக்கரி. எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தால் மாதவரத்து லாரிக்காரர். மீன் செதில் வெள்ளிப் பொட்டாக மிதந்து, கூடவே வாசனையும் வந்தால் காசிமேடு. அதற்குப் பல்லு மிஷினே தேவையில்லை, மூக்குப் போதும். ஒருமுறை முகம் தெரியாத ஒருவரின் செயினைக் கழுவிவிட்டு, "உனக்கு ரெண்டு எடத்துல வேல கீது, ஒண்ணு அரிசி மண்டி, இன்னொண்ணு பெயின்ட்டு" என்றார். அந்த ஆள் அரிசி மண்டி முதலாளிக்குத் தெரியாமல் சாயங்காலம் பெயின்ட் அடிக்கப் போகிறவர். எழுந்து ஓடாத குறை.

என் செயினையும் கழுவினார். தண்ணீர் கிட்டத்தட்ட ஊற்றியபடியே இருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சார் இது? பத்திரிகைல எய்தறவருன்றாங்கோ. கைல வேல செஞ்ச அடையாளமே காணோமே?" படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு சரியில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது சட்டம் புரிய அவருடைய உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும்.

பெனிட்டோ திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். கப்பலில் வந்த பெட்டியின் சீலை உடைத்துக் கதவைத் திறக்கும்போது அவர் அட்டையும் பேனாவுமாகப் பக்கத்தில் நிற்பார். உள்ளே எத்தனை மூட்டை, எத்தனை டிரம், எத்தனை உடைசல் எல்லாம் எழுதுவார். உடைசலில் இரண்டு வகை. கதவைத் திறக்கும்போதே உடைந்திருந்தது ஒன்று. அது கப்பல்காரன் தலையில். இறக்கும்போது யார்டு ஆட்கள் கையில் உடைந்தது இன்னொன்று. அது யார்டு தலையில். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில் எல்லாமே இருக்கிறது. கையில் உடைந்ததைக் கதவைத் திறக்கும்போதே உடைந்திருந்தது என்று எழுதச் சொல்லித் தோளில் கை போடுகிறவர்கள் தினமும் உண்டு. முப்பத்தொரு வருடத்தில் பெனிட்டோ ஒரு முறைகூட மாற்றி எழுதியதில்லை. இதை அவர் சொல்லி நான் எழுதவில்லை. அவரைத் திட்டுகிறவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பழக்கம் படிக்கட்டுக்கும் வந்துவிட்டது. மேசைக்கு மேலே ஆணியில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அதில் இரண்டு கட்டம். ஒன்றில் 'வரும்போதே', மற்றொன்றில் 'நம்ம கையில்'. யார் செயினைக் கொடுத்தாலும் வாங்கியவுடன் கழுவ மாட்டார். மீட்டர் பக்கத்து பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணி கண்ணியாக உருட்டிப் பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி அறிவிப்பார்: "லாக்கு லூசு. மூணாவது கண்ணில கீறலு. வரும்போதே!" சொந்தக்காரர் ஆமாம் என்றதும் முதல் கட்டத்தில் ஒரு கோடு. அந்தக் கட்டம் கோடுகளால் நிறைந்து, அழித்து, மறுபடி நிறைந்திருக்கிறது.

இரண்டாவது கட்டத்தில் ஒரே ஒரு பூஜ்யம். இயந்திரம் வந்த முதல் வாரம் போட்டது. தினமும் கண்ணில் படுகிற பூஜ்யம் மங்கினால் அவருக்குத் தாங்காது. மாதம் ஒருமுறை அதே வளைவில் மேலே சாக்பீஸ் ஓட்டுவார். "முன்னூத்தி பதினேயு செயினு சார். நம்ம கைல டேமேஜு சைபரு." இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு சட்டைப் பொத்தானைக் கொஞ்சம் சோதிக்கும்.

தங்க நிறச் செயின்களைப் பற்றி ஒருநாள் கேட்டேன். இத்தனை அதிர்வில் முலாம் போய்விடாதா?

"நெசமான முலாம் போவாது சார். பதினாலு தங்கக் கலரு பாத்துகீறேன், ஒரு பொட்டு போனதில்ல. மூணு நிமிசத்துல போச்சுன்னா அது முலாமே இல்ல, பெயின்ட்டு. எவனோ அவன ஏமாத்திகீறான்னு அர்த்தம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்டி ஒண்ணு வரணும்னு எனக்கு ஆசதான். தண்ணிய காட்டி, பாத்தியாடா உன்ன எவன் மொட்ட அட்ச்சான்னு சொல்லலாம்ல?" என்றார்.

வந்தது. போன மாதம் இரண்டாவது ஞாயிறு, பதினொரு மணிக்கு. கொண்டுவந்தவர் தண்டபாணி.

தண்டபாணி அடுத்த தெருக்காரர். அதே யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பெனிட்டோவுக்கு இருபத்திரண்டு வருட தோஸ்து. நாலு வருடம் முன்பு தண்டபாணியின் வண்டியில் பாரம் தூக்கும் இரும்பு முள் ஒரு டிரம்மில் குத்தி ஓட்டை போட்டுவிட்டது. சுற்றிலும் யாரும் இல்லை. "மாமு, தொறக்கும்போதே ஓட்டைன்னு எய்திடு மாமு" என்று தண்டபாணி கெஞ்சினார். பெனிட்டோ கையில் உடைந்தது என்று எழுதினார், ஓட்டியவர் பெயரோடு. தண்டபாணிக்கு மூன்று நாள் சஸ்பெண்ட். அதைவிட, எல்லோர் முன்னாலும் மேனேஜர் திட்டியதுதான் அவருக்கு ஆறவில்லை. இரண்டு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பஸ்ஸில் போவார்கள். ஒருவர் முன்வாசலில், ஒருவர் பின்வாசலில். பிறகு எப்படியோ சரியானது. ஆனாலும் தண்டபாணிக்கு ஒரு பீர் உள்ளே போனால் அந்த டிரம் வெளியே வந்துவிடும்.

அன்றைக்கு அவர் தனியாக வரவில்லை. மருமகனைக் கூட்டி வந்திருந்தார். பெயர் வல்லரசு. வியாசர்பாடிப் பையன், வள்ளூர் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. அதிகம் பேசாத, பெரியவர்களைப் பார்த்தால் சட்டென்று எழுந்து நிற்கிற பையன். தண்டபாணியின் மகள் வினிதாவைக் கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. வினிதாவுக்கு அப்போது ஏழு மாதம். அதற்கடுத்த ஞாயிறு தண்டபாணி வீட்டில் வளைகாப்பு.

"மாமு, மாப்ள வாட்சு. கல்யாணத்துக்கு நா போட்டது. வளைகாப்புக்கு பளபளன்னு கட்டிகினு நிக்கணும்" என்று தண்டபாணி துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். பெட்டிக்குள் பெட்டி. அதற்குள் வெல்வெட் துணி. உள்ளே தங்க நிறத்தில் கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தின் கதை எங்கள் தெருவுக்கே தெரியும். தண்டபாணி அதைக் கடையில் வாங்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் சிப்பந்தி, ஊருக்குப் போகக் காசில்லை என்று தன் கையிலிருந்தே கழற்றிக் கொடுத்தானாம். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு பலவீனம். கடையில் வாங்கினால் நாலு முறை திருப்பிப் பார்ப்பார்கள், பல்லால்கூடக் கடித்துப் பார்ப்பார்கள். கப்பலில் வந்தது என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், சோப்புக் கட்டியானாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். தினமும் பெட்டி பெட்டியாகக் கப்பல் சரக்கு உடைந்து கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கே இந்த நம்பிக்கை எப்படி என்று எனக்கு விளங்கியதில்லை.

கல்யாணத்தில் வல்லரசுவின் பெரியம்மா ஒருத்தி அந்தக் கடிகாரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "கலரு மங்காது இல்ல?" என்று சபையில் கேட்டுவிட்டாள். தண்டபாணி மீசையைத் தொட்டார். "கப்பல் ஐட்டம்மா. இது மங்கிச்சின்னா எம் மீசைய எட்த்துக்கிறேன்." மண்டபமே கைதட்டியது. அந்தப் பெரியம்மாவும் வளைகாப்புக்கு வருவதாக இருந்தது. வினிதா அவள் இருக்கிற வீட்டில்தான் வாழ்கிறாள்.

பெனிட்டோ வழக்கம்போல் செயினை பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணிகளுக்கு நடுவில் சந்தனமும் பவுடரும் அப்பியிருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. வல்லரசு அதை விசேஷங்களுக்கு மட்டும்தான் கட்டுவானாம். மற்ற நாளெல்லாம் பீரோவில்.

"கீறல் இல்ல. லாக்கு டைட்டு. வரும்போது கிளீனு!"

"இன்னும் சத்தமா சொல்லு மாமு" என்றார் தண்டபாணி.

"வரும்போது கிளீனு!" என்று பெனிட்டோ கத்தினார். படிக்கட்டில் சிரிப்பு. தலையைக் கழற்றி டம்ளரில் வைத்தார். பச்சை சோப்பு ஒரு சொட்டு விட்டு, அதை எனக்கும் காட்டினார். மின்கட்டண ரீடிங் பார்க்க இறங்கி வந்தவன் நான், அவருக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். செயின் உள்ளே போனது. பொத்தானை அழுத்தினார்.

மூன்று நிமிடமும் தண்டபாணி கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த முறை சிப்பந்தி கிரேக்கக்காரனாக இருந்தான். போன முறை பிலிப்பைன்ஸ்காரன்.

இயந்திரம் நின்றது. பெனிட்டோ மூடியைத் தூக்கினார்.

தண்ணீரின் மேல் தங்கப் பொடி மிதந்தது. பல்பு வெளிச்சத்தில் அழகாகச் சுற்றிச் சுற்றி வந்தது. அடியில் செயின் அங்கங்கே வெள்ளை திட்டுத் திட்டாகக் கிடந்தது. பெனிட்டோ ஆசைப்பட்ட தண்ணீர் வந்துவிட்டது.

மூடியை உடனே மூடிவிட்டார். சத்தம் கேட்டு வல்லரசு போனிலிருந்து தலையைத் தூக்கினான். "முடிஞ்சிச்சா அங்கிள்?"

"இன்னும் ஒரு ரவுண்டு போட்டுட்லாம்பா. சந்தனம் பிட்ச்சிகினு கீது." பொத்தானை மறுபடி அழுத்தினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மூடியின் மேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. "மாமு, உள்ள போயி ஜானட்டாண்ட கொஞ்சம் வெந்நீ வாங்கிகினு வாயேன். மாப்ள, நீயும் போய் ஒரு டீ குடி. ஆண்ட்டி உன்ன பாக்கணும்னு சொல்லிச்சி."

இருவரும் வீட்டுக்குள் போனார்கள். படிக்கட்டில் மிச்சமிருந்த இரண்டு பேர் கிரிக்கெட்டில் இருந்தார்கள். பெனிட்டோ இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்தார். நின்றதும் செயினை எடுத்துப் பழைய பல் பிரஷால் பரபரவென்று தேய்த்தார். திட்டுத் திட்டாக இருந்தது எல்லாம் போய், முழுக்க ஒரே வெள்ளையாக வந்தது. பிறகு தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சாக்கடை ஓட்டையில் கவிழ்த்தார். யாரையும் கூப்பிடவில்லை, குனியச் சொல்லவில்லை. அத்தனை ஞாயிறுகளில் அவர் காட்டாமல் கொட்டிய தண்ணீர் அது ஒன்றுதான். ஒரு சொம்பு நல்ல தண்ணீரையும் ஊற்றி ஓட்டையைக் கழுவிவிட்டார். நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"ரீடிங் எடுத்துட்டீங்களா சார்?" என்றார். எடுத்துவிட்டேன் என்றேன். எடுக்கவில்லை.

தண்டபாணி வெந்நீர்ச் சொம்போடு வந்தார். பின்னால் டீ டம்ளரோடு வல்லரசு, வாசற்படியில் ஜானட்.

"மாமு, தப்பு பண்ட்டேன்" என்றார் பெனிட்டோ. "சோப்புன்னு நென்ச்சிகினு பாத்ரூம் கய்வுற ஆசிட்ட ஊத்திட்டேன். முலாம் மொத்தமும் போயிட்ச்சி."

ஜானட் வாயைத் திறந்தார். ஆசிட் பாட்டில் அவர் வீட்டில் எங்கே இருக்கிறது, மேசையில் எது இருந்தது என்பது அவருக்குத் தெரியாதா? பெனிட்டோ அவர் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை பார்த்தார். முப்பது வருடக் குடித்தனம். ஜானட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கண்ணாடிய மாத்து, கண்ணாடிய மாத்துன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? கேட்டாத்தானே!" என்று இரைந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தண்டபாணி செயினைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சிறுத்துப் போனது. பிறகு அவருக்குக் கோபம் வந்ததே, அதைப் போல் நான் பார்த்ததில்லை. "டேய், கப்பல் ஐட்டம்டா! ஒர்ஜினலுடா! உன்ன நம்பி குட்த்தேனேடா பாவி! பல்லு கய்வுற மிஷின்ல போட்டு பாயாக்கிட்டியேடா! அந்தப் பொம்பளைக்கு நா இன்னாடா பதில் சொல்லுவேன்?"

"உள்ளத சொல்லு மாமு. ராயபுரத்துல ஒரு அரவேக்காடு கீறான், அவன் கெட்த்துட்டான்னு சொல்லு. வாட்சு மேல தப்பில்ல, மிஷின்காரன் மேலதான் தப்புன்னு சொல்லு. நானே வந்துகூட சொல்றேன்."

"நீதான் சொல்லணும்! எல்லார் எதுர்க்கயும் சொல்லணும்!" தண்டபாணி பலகையைக் காட்டினார். "அன்னிக்கி டிரம்முல ஓட்டைன்னு எம் பேர எய்தினியே, தோஸ்துன்னு பாத்தியா? பாக்கலல்ல? இன்னிக்கி உம் பேர நீ எய்து! எய்துடா!"

வல்லரசு இடையில் வந்து மாமனாரின் தோளைத் தொட்டான். "வுடுங்க மாமா. வெள்ளையும் நல்லாத்தான் கீது. இத்த டெய்லி வேலைக்கே கட்டிகினு போவலாம், பீரோல பூட்டி வெக்கத் தேவயில்ல." அவன் நிஜமாகவே சொன்னானா, பெரியவரைச் சமாதானப்படுத்தச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. பிறகு, "தண்ணிய காட்டவே இல்லியே அங்கிள்?" என்றான்.

"ஆசிட்டு தண்ணிப்பா. வச்சிகினு இருக்கக் கூடாது, கொட்டிட்டேன்" என்றார் பெனிட்டோ.

ஹேர் டிரையரில் செயினைக் காய வைத்து, தலையை மறுபடி பொருத்தி, பின் இறுகியதா என்று இழுத்துப் பார்த்து, அவரே வல்லரசுவின் கையில் கட்டிவிட்டார். தண்டபாணி வெறும் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். தெருமுனையில் சுஹைப் பாய் கடையில் நின்று, கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. ஒன்றுமட்டும் கவனித்தேன். பேச்சுக்கு நடுவில் அவர் கை மீசைக்குப் போய், வழக்கம்போல் அதை முறுக்கிவிட்டுத்தான் கீழே இறங்கியது.

படிக்கட்டில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். ஒருவர், "இன்னொரு வாரம் வர்றேன் அண்ணே" என்று செயினைக் கையிலேயே மாட்டிக்கொண்டார். மற்றவர் சொல்லாமலே போய்விட்டார். பெனிட்டோ தொட்டியைத் துடைத்தார். பிரஷை உதறினார். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் மறுபடி தொட்டியைத் துடைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பலகையில் எழுதித்தான் ஆக வேண்டுமா? கோபத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றேன்.

"வளகாப்புக்கு அவங்க ஆளுங்க இந்த வழியாத்தான் வருவாங்கோ சார்" என்றார் பெனிட்டோ. "அந்தப் பொம்பள கண்டிப்பா பாக்கும்."

சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, 'நம்ம கையில்' கட்டத்தில் இருந்த பூஜ்யத்தின்மேல் வைத்துத் தேய்த்தார். மாதா மாதம் மேலே மேலே எழுதிய பூஜ்யம், சுலபத்தில் போகவில்லை. வேட்டி நுனியை நனைத்து அழித்தார். அந்த இடம் காயும்வரை ஊதினார். பிறகு, கட்டத்தின் மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை, பெரிதாக ஒரு 1 போட்டார். பலகையை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்த மாதிரி கேட்டில் மாட்டினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக்கினார்.